ஏட்டிலேறா உழைப்பு

நம் சங்கத்தின் கல்வி உதவி நிதிக்கு வந்த விண்ணப்பங்களை வகைப்படுத்தித் தருமாறு சென்ற ஆண்டு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தனர். பள்ளி விடுமுறைக் காலமாதலின் யாமும் மகிழ்வுடன் உடன்பட்டோம். விண்ணப்பத் தாளில் 'தந்தையின் தொழில்', 'தாயின் தொழில்' என இரண்டு கட்டங்கள் உள. தந்தையர் கட்டத்தில் கடை, தறி, ஓட்டுநர், கணக்கர், கூலி எனப் பலவும் எழுதப்பட்டிருந்தன. தாயர் கட்டத்திலோ மிகப் பலவற்றில் 'இல்லை' என்னும் ஒரு சொல்லே காணப்பட்டது. வேறு சிலவற்றில் ஒரு சிறு கோடு மட்டும் இழுக்கப்பட்டிருந்தது. உழைத்துப் பிழைக்கும் தாயரின் மக்களுக்கு முதலிடம் தருதல் வேண்டும் என்பது நம் நிதியின் விதிகளுள் ஒன்றென்பதை அன்பர்கள் அறிவர். அவ்விதிப்படி 'இல்லை' என்றெழுதிய தாள்களெல்லாம் கீழே வைக்கப்பட்டன. வைத்தவர்களுள் யாமும் ஒருவர். எம் கையொப்பமும் அம்முடிவின்கீழ் உண்டு.

சில திங்கள் கழித்து, விடியற்காலையில் ஒரு தெரு வழியே செல்ல நேர்ந்தபோது, அவ்வாறு கீழே வைக்கப்பட்ட தாளுக்குரிய பிள்ளையின் தாயாரைக் கண்டோம். திண்ணையில் உதிரி மல்லிகைக் குவியலின் நடுவே அமர்ந்து, அவர் நாரில் பூக்கட்டிக்கொண்டிருந்தார். பொழுது புலருமுன் கடைக்காரர் பூவும் நாரும் கொணர்ந்து போட்டுச் செல்வார்; ஏழு மணிக்குள் சரமாக்கித் தருதல் வேண்டும்; எடைக்கு இவ்வளவு என்று கூலி. "எத்தனை ஆண்டாய் இது நடக்கிறது, அம்மா?" என வினவினோம். "பெரியவன் பிறந்த வருஷத்திலிருந்து கட்டுகிறேன், ஐயா" என்றார். "அவ்வாறாயின் தாளில் தொழில் இல்லை என்று எழுதியது ஏன்?" என்றோம். அவர் நகைத்து, "இது ஒரு தொழிலா ஐயா? சும்மா இருக்கிற நேரத்தில் கட்டுவதுதானே" என்றார்.

சும்மா இருத்தலை நம் நாட்டு ஞானியர் எய்துதற்கரிய நிலையாகப் போற்றினர். அச்சொல்லை இவ்வம்மையார் விடியல் நான்கு மணிக்கு எழுந்து ஏழு மணிவரை விரலோயாது செய்யும் வேலைக்குப் பெயராக வைத்தது எம்மைச் சிந்திக்கச் செய்தது. அவர் தம் உழைப்பை மறைக்கவில்லை, தெருவிலேயே அமர்ந்திருந்தார். எம் தாளில் எழுதப்பட்ட வினாவே அதனைக் காணாதொழிந்தது. இவ்வாறு கண்முன் நிகழும் உழைப்பு ஏட்டில் ஏறாது போதல் நம் சங்கத்தில் மட்டும் நிகழ்ந்த பிழையன்று. நம் நாட்டின் வருவாயை அளக்கப் புகுந்த அறிஞரெல்லாரும் ஏறத்தாழ 150 ஆண்டுகளாக முட்டிக்கொண்ட கல் இதுவே. அவ்வரலாற்றை நம் அன்பர்க்கு எடுத்துரைத்தல் பயன்தரும் எனக் கருதுகின்றோம்.

இந்தியாவில் தலைக்கு எவ்வளவு வருவாய் என்று முதன்முதல் முறையாகக் கணக்கிட முயன்றவர் தாதாபாய் நௌரோஜி ஆவர். அவர் மாகாணந்தோறும் பயிரிடப்பட்ட நிலத்தின் பரப்பையும், விளைவையும், விலையையும் தொகுத்துப் பெருக்கி, கால்நடை, கைத்தொழில், சுரங்கம் ஆகியவற்றிற்கு ஒரு தொகையைக் கூட்டி, 1867-68ஆம் ஆண்டில் ஓர் இந்தியனின் சராசரி வருவாய் 20 ரூபாய் என்றார். அதனைச் சிறையிலுள்ள கைதி ஒருவனுக்கு ஆகும் உணவு உடைச் செலவோடு ஒப்பிட்டு, குற்றஞ்செய்தவனுக்குக் கிடைப்பதும் குடியானவனுக்குக் கிடைக்கவில்லை எனக் காட்டினார். ஆட்சியாளர்க்கு இது கசந்தது. 1882இல் பேரிங், பார்பர் என்னும் அதிகாரிகள் 27 ரூபாய் என்றனர். 1901இல் கர்ஸன் பிரபு 30 ரூபாய் என்றார்.

இவ்வழக்கில் ஒன்று நோக்கத்தக்கது. 1882ஆம் ஆண்டுக் கணக்கில் உழவின் வருவாய் 350 கோடி ரூபாய் எனவும், உழவல்லாத தொழில்கள் அனைத்தின் வருவாய் அதிற் பாதியாகிய 175 கோடி எனவும் கொள்ளப்பட்டன. பாதி என்பது எங்கிருந்து வந்தது? எவரும் தெருத்தெருவாய்ச் சென்று எண்ணி வந்ததன்று. மேசைமேல் வைத்து வகுத்தது. நெசவாளர், கொல்லர், தச்சர், குயவர், எண்ணெயாட்டுவோர், தலைச்சுமையாய் விற்போர், நெற்குற்றுவோர் ஆகிய அனைவரும் அப்'பாதி' என்னும் ஒரு சொல்லுள் அடைக்கப்பட்டனர். நிலத்திற்கு வரி இருந்தமையால் நிலத்திற்குக் கணக்கு இருந்தது. கைக்கு வரி இல்லாமையால் கைக்குக் கணக்கு இல்லை.

கைகளையும் எண்ணியாக வேண்டும் எனத் தெளிந்து, அதற்கு ஒரு வழியும் வகுத்தவர் 1908இல் நம் காஞ்சிபுரத்திற் பிறந்த வி. கே. ஆர். வி. ராவ் அவர்கள். கேம்பிரிட்ஜில் பயின்ற அவர் 1931-32ஆம் ஆண்டின் நாட்டு வருவாயைக் கணக்கிட்டு 1940இல் நூலாக வெளியிட்டார். உழவு, காடு, மீன், சுரங்கம் போன்றவற்றில் விளைபொருளை அளந்து விலையால் பெருக்கினார். கைத்தொழில், வணிகம், போக்குவரத்து, ஊழியம் முதலியவற்றிலோ விளைபொருளை அளத்தல் இயலாது. ஒரு கொல்லன் ஆண்டொன்றில் எத்தனை அரிவாள் அடித்தான் என்று எந்த ஏட்டிலும் இல்லை. ஆகவே அத்தொழிலில் எத்தனை பேர் உளர் என்பதைக் குடிமதிப்பு எனப்படும் மக்கள்தொகைக் கணக்கிலிருந்து எடுத்து, ஒருவர் சராசரியாக ஈட்டுவது எவ்வளவு என்பதை வேறாக ஆராய்ந்து அறிந்து, இரண்டையும் பெருக்கினார். தலைக்கு 62 ரூபாய் என்பது அவர் கண்ட முடிவு.

இம்முறையை நம் அன்பர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பிற்காலத்தில் எத்துணை நுட்பங்கள் சேர்ந்தபோதிலும் அடிப்படை இதுவேயாய் நிற்கின்றது. ஒருபால் தலை எண்ணிக்கை, மற்றொருபால் தலைக்கு ஈட்டம், இடையே பெருக்கற்குறி. இதனால் விளையும் இடர் யாதெனின், தலை எண்ணிக்கையில் ஒருவர் விடுபட்டால், அவர் ஈட்டம் எத்துணையாயினும் சுழியத்தாற் பெருக்கப்படும். பூக்கட்டும் அம்மையார் 'இல்லை' என்று சொல்லிய அக்கணமே அவர் கட்டிய சரமெல்லாம் நாட்டுக் கணக்கிலிருந்து உதிர்ந்துபோகும். ஆதலின் ஒரு பெருநாட்டின் வருவாய்க் கணக்கு முழுவதும் ஒரு வீட்டு வாயிலில் கேட்கப்படும் ஒரு வினாவின்மேல் நிற்கின்றது எனல் மிகையன்று.

விடுதலைக்குப் பின் 1949ஆம் ஆண்டு ஆகஸ்டில் அரசு நாட்டு வருவாய்க் குழு ஒன்றை அமைத்தது. கல்கத்தாவிற் புள்ளியியல் நிலையம் நிறுவிய மகலனோபிஸ் தலைவர். புனாவின் காட்கில் அவர்களும் நம் ராவ் அவர்களும் உறுப்பினர். இம்மூவரும் கணக்கிடுங்கால், ஆலைகள் அனைத்தும் சேர்ந்து ஈட்டியதினும் சிறுதொழில்கள் ஈட்டியது மிகுதி எனத் தெரியவந்தது. ஆலைக்கோ பதிவேடு உண்டு, கண்காணி உண்டு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், இயந்திர விசையுடன் பத்துப் பேரும் விசையின்றி இருபது பேரும் வேலைசெய்யும் இடத்தையே தொழிற்சாலை எனக் கோடு கிழித்தது. அக்கோட்டிற்குக் கீழுள்ளார்க்கு ஏடே இல்லை. (ஒன்பதாவது ஆளோடு நிறுத்திக்கொண்டு பத்தாவது ஆளைப் பக்கத்துக் கொட்டகையில் வைத்த முதலாளிகள் நம்மிடையேயும் இலர் அல்லர்.) மிகுதியாய் ஈட்டுவோரைப் பற்றியே மிகக் குறைவாய் அறிந்திருந்தோம் என்பது குழுவினர்க்குப் புலனாயிற்று. இக்குறை நீக்க 1950இல் தோன்றியதே தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு.

மாதிரி என்பது யாது? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என நம் பாட்டியர் கூறுவதே. எல்லா வீட்டையும் கேட்க வேண்டுவதில்லை. முறைப்படி தேர்ந்தெடுத்த சில வீடுகளைக் கேட்டு நாடனைத்தையும் அறியலாம். மகலனோபிஸ் இதனை வங்காளத்துச் சணற்பயிரை அளப்பதில் முன்னரே ஆண்டு கண்டவர். ஆனால் சமைத்துப் பழகியவர் ஒன்று அறிவர். பானை ஒரே சீராய்க் கொதித்தாலன்றோ ஒரு சோறு பதம் காட்டும்? அடியில் குழைந்தும் மேலே அரிசியாயும் இருந்தால் மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று எனப் பல இடத்தும் எடுத்து நசுக்கிப் பார்த்தல் வேண்டும். சிறுதொழில் உலகம் அத்தகைய பானை. ஒரு தெருவில் முழுதும் தறி. மறு தெருவில் ஒன்றுமில்லை. ஐப்பசியில் பட்டாசு, ஆனியில் வேறு. காலையில் பூ, பிற்பகலில் தீப்பெட்டி ஒட்டல். ஆகவேதான் கணக்கெடுப்பாளர் நாட்டைப் பல அடுக்காய்ப் பகுத்தும், ஆண்டைப் பல பருவமாய்ப் பகுத்தும் மாதிரி எடுக்கின்றனர்.

இனிப் பெண்டிர் உழைப்பைக் குறித்துச் சிறிது விரித்துரைப்பாம். 1961ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் நாட்டிலுள்ள பெண் உழைப்பாளர் ஏறத்தாழ 6 கோடி எனக் காணப்பட்டது. 1971ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் அவ்வெண் 3 கோடிக்குச் சிறிது மேலாயிற்று. பத்தாண்டில் பாதிப் பெண்டிர் கைகட்டி அமர்ந்துவிட்டனரோ? அன்று, மாறியது வினா. 1961இல் பருவத்தில் நாளொன்றுக்கு ஒருமணிக்கு மேல் முறையாய் வேலை செய்தாலும் உழைப்பாளர் எனக் கொண்டனர். 1971இல் 'முதன்மையாய்ச் செய்வது யாது?' என்று கேட்டனர். நாற்று நட்டும், களையெடுத்தும், மாடு கறந்தும் வந்த பெண், முதன்மை என்றவுடன் 'வீட்டு வேலை' என்றாள். அல்லது அவள் கணவன் அவ்வாறு கூறினான். அத்துடன் அவள் வயலினின்று ஏட்டளவில் நீக்கப்பட்டாள். 1981இல் முதன்மை உழைப்பாளர், குறுகியகால உழைப்பாளர் என இரு வகை செய்து இதனைச் சிறிது திருத்தினர். 1991இல் 'குடும்ப நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ ஊதியமின்றிச் செய்யும் வேலை உட்பட' என்னும் சொற்களை வினாவிலேயே சேர்த்தனர். ஒரு தொடரைச் சேர்ப்பதற்கு இருபது ஆண்டு வேண்டியிருந்தது.

மாதிரிக் கணக்கெடுப்பின் குறியெண்களுள்ளும் இத்தகைய ஓர் இடம் உண்டு. வீட்டு வேலை மட்டும் செய்வோர்க்கு 92 என்னும் எண். வீட்டு வேலையோடு விறகும் கீரையும் மாட்டுத் தீவனமும் பொறுக்கி வந்து, வீட்டார்க்கெனத் தைத்தும் நெய்தும் தருவோர்க்கு 93. எண் வேறாயினும் இருவரும் உழைப்பாளர் பட்டியலுக்குப் புறத்தே நிறுத்தப்பட்டனர். அவ்விறகையே சந்தையில் வாங்கினால் விற்றவர் உழைப்பாளர். தானே காட்டிற்குச் சென்று சுமந்துவந்தால் 93.

இவற்றை எழுதும் யாம் பிறரைக் குறைகூறும் தகுதியுடையேம் அல்லேம். 2011ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நடந்த குடிமதிப்பிற்கு யாமும் கணக்கெடுப்பாளராய்ச் சென்றோம். ஆசிரியர்க்கு அப்பணி வழக்கமாய் வருவது. பெண்டிர் வேலையைத் துருவிக் கேட்டல் வேண்டும் எனப் பயிற்சியில் எமக்குத் தெளிவாய்க் கூறியிருந்தனர். ஒருநாள் மாலை, பீடித்தொழில் மிக்க ஓர் ஊரில் ஒரு வீட்டு வாயிலில் நின்றோம். மாமியாரும் மருமகளும் எதிரெதிரே அமர்ந்து மடியில் சுளகு வைத்து, கத்தரித்த இலையில் தூளிட்டுச் சுருட்டி நூல் கட்டிக்கொண்டிருந்தனர். மாமியார் பெயரில் பாஸ்புத்தகம் உண்டு. ஆதலின் அவர் உழைப்பாளர் என எழுதினோம். மருமகளைக் காட்டி, "இவர்?" என்றோம். வீட்டுத் தலைவர், "அவள் ஒன்றும் பார்க்கவில்லை சார். வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்" என்றார். அப்பெண் தலை நிமிரவில்லை, விரல்களும் நிற்கவில்லை. இன்னும் ஒரு வினா கேட்டிருக்கலாம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, அத்தெருவில் எஞ்சிய வீடுகளோ பல. வேலை செய்யாதவர் என்னும் குறியெண்ணை எழுதி அடுத்த வாயிலுக்குச் சென்றோம். அன்று யாம் எழுதிய அவ்வெண் நாட்டின் கூட்டுத்தொகையுள் ஒரு துளியாய் இன்னும் கிடக்கின்றது.

பீடித்தொழிலில் இப்பிழை வெறும் எண்பிழையாய் நில்லாது. 1966இல் இயற்றிய பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், முதலாளியோ ஒப்பந்தக்காரரோ தரும் இலையையும் தூளையும் கொண்டு தம் வீட்டிலிருந்தே சுற்றுவோரையும் தொழிலாளர் என்றே ஏற்றது. 1976இல் அவர்க்கென நலநிதி ஒன்றும் சட்டத்தால் அமைந்தது. மருத்துவமும், பிள்ளைகளின் கல்வி உதவியும், வீடு கட்ட உதவியும் அவ்வழியே வந்தன. ஆனால் இவற்றிற்கெல்லாம் பெயர் ஏட்டில் இருத்தல் வேண்டும். ஒரு புத்தகம், மூன்று பெண்டிரின் விரல்கள் என்னும் வீட்டில், சட்டத்தின் கை புத்தகத்துக்குரிய ஒருவரையே தொட்டது. மாமியார் காலமானபின் புத்தகமும் உடன் முடிந்துபோகும். பதினைந்து ஆண்டு சுற்றிய மருமகள் மறுநாள் புதியவளாய் நிற்பாள்.

இவ்வுழைப்பிற்கு உலகறிந்த பெயர் ஒன்று வந்தது ஆப்பிரிக்காவிலிருந்து என்பது பலர் அறியாதது. கெய்த் ஹார்ட் என்னும் ஆங்கில மானிடவியலார் 1965 முதல் 1968 வரை கானா நாட்டுத் தலைநகராகிய அக்ராவின் நீமா என்னும் சேரியில், வடபுலத்திலிருந்து பிழைக்கவந்த மக்களிடையே வாழ்ந்து ஆராய்ந்தார். அரசேட்டில் வேலையற்றோர் எனப்பட்ட அவர்கள் உண்மையில் ஒரு நொடியும் வேலையின்றி இலர்; விற்றனர், தைத்தனர், சுமந்தனர், வட்டிக்குக் கொடுத்தனர். இதனை 1971இல் ஒரு மாநாட்டில் எடுத்துரைத்தபோது முறைசாரா வருவாய் என்னும் பொருள்படும் தொடரை ஆண்டார். அடுத்த ஆண்டே, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கென்யாவிற்கு அனுப்பிய குழு அத்தொடரைத் தன் அறிக்கையிற் கையாள, அது உலகெங்கும் பரவிற்று.

தமிழில் இதனை 'முறைசாராப் பொருளாதாரம்' எனவும் 'அமைப்புசாராத் தொழில்' எனவும் பெயர்த்துள்ளனர். 1982ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்வழிப் பின்னர்த் தோன்றிய நலவாரியங்களால் 'அமைப்புசாரா' என்பது ஊரறிந்த சொல்லாயிற்று. தமிழாசிரியராகிய எமக்கு இச்சொற்களில் ஒரு மனக்குறை உண்டு. முறைசாரா என்றால் எவர் முறையைச் சாராதது? பூக்கடையில் எடைக்கூலி உண்டு, முன்பணம் உண்டு, சனிக்கிழமை கணக்குத் தீர்த்தல் உண்டு, பூ வாடினால் எவர் பொறுப்பு என்பதற்கும் மாறாத வழக்கு உண்டு. முறை இருக்கின்றது, ஏடு இல்லை. அதனாற்றான் இக்கட்டுரைக்கு ஏட்டிலேறா உழைப்பு எனப் பெயரிட்டோம். இதனைக் கறுப்புப் பணத்தோடு ஒன்றாக எண்ணுவாரும் உளர். அது தவறு. அவர் ஏட்டை அஞ்சி ஒளிப்பவர். இவரோ ஏட்டால் தேடப்படாதவர்.

ஏடு தம்மைத் தேடுமாறு செய்தவர் வரலாறும் நம் நாட்டில் உண்டு. அகமதாபாதில் சுமைதூக்கும் பெண்டிரும், பழந்துணி விற்போரும், காய்கறி விற்போரும் எலா பட் அம்மையாரின் துணைகொண்டு 'சேவா' என்னும் சங்கம் ஒன்றை அமைத்தனர். அதனைத் தொழிற்சங்கமாய்ப் பதிவு செய்யச் சென்றபோது, உங்களுக்கு முதலாளி யார், முதலாளி இல்லாதார்க்குத் தொழிற்சங்கம் எங்ஙனம் என அதிகாரிகள் தடுத்தனர். தொழிலாளர் ஒன்றுபடுதற்கே சங்கம். எதிர்ப்பதற்கு ஒருவர் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை என்று வாதிட்டு, 1972ஆம் ஆண்டு ஏப்ரலில் பதிவும் பெற்றனர். பின்னர் அவ்வம்மையார் தலைமையில் அமைந்த தேசிய ஆணையம் 1988இல் 'சிரமசக்தி' என்னும் அறிக்கையை வெளியிட்டு, ஏட்டிலேறாப் பெண்டிரின் நிலையை நாடறியச் செய்தது.

1993இல் ஜெனீவாவிற் கூடிய உலகப் புள்ளியியலார் மாநாடு முறைசாராத் தொழிலகம் இன்னது என வரையறுத்தது. தொழிலகத்தை மட்டும் நோக்கினால், பேராலையில் பணிப்பாதுகாப்பின்றி நாட்கூலியாய் இருப்பவர் விடுபடுவர். ஆகவே 2003இல் தொழிலகத்தோடு தொழிலாளியின் நிலையையும் நோக்குதல் வேண்டும் என்றனர். இவ்வேறுபாடு எத்துணைப் பெரிதென்பதை அர்ஜுன் சென்குப்தா தலைமையில் நம் அரசு அமைத்த ஆணையத்தின் கணக்கிற் காணலாம். 2004-05இல் நாட்டிலிருந்த உழைப்பாளர் ஏறத்தாழ 46 கோடியினருள் அமைப்புசாராத் தொழிலகங்களில் இருந்தோர் 86 விழுக்காட்டினர். அமைப்புசார் இடங்களில் இருந்தும் பாதுகாப்பற்றோரைச் சேர்த்தால் 92 விழுக்காட்டினர். நூற்றுக்கு எண்மர் நீங்கலாக நாடு முழுவதும் 'முறைசாராதது' என்றாயிற்று!

உழவும் கட்டடத் தொழிலும் நீங்கலான சிறு தொழிலகங்களை மட்டும் எண்ணியபோது 2015-16இல் அவை 6 கோடியே 34 இலட்சம். அவற்றில் வேலை செய்தோர் 11 கோடியே 13 இலட்சம் பேர். அவற்றுள் நூற்றுக்கு 84 கூலியாள் ஒருவரும் இன்றித் தாமும் தம் குடும்பத்தாருமே நடத்துவன. பூக்கட்டும் அம்மையாரின் திண்ணை அவற்றுள் ஒன்றாய் எண்ணத்தக்கதே, கேட்டவர் முறையாய்க் கேட்டிருந்தால்.

இக்கணக்கெடுப்பு 2016ஆம் ஆண்டு சூனில் முடிந்தது. அவ்வாண்டு நவம்பர் 8ஆம் நாள் இரவு 500 ரூபாய், 1000 ரூபாய்த் தாள்கள் செல்லா என அறிவிக்கப்பட்டன. கையிற் பணமாகவே கொடுத்தும் வாங்கியும் வந்த சிறுதொழிலார் பட்ட பாட்டை நம் அன்பர்க்கு யாம் கூற வேண்டுவதில்லை. கடைவீதியிலுள்ளார் பலர் நம்மவரே. ஆனால் நாட்டு வருவாய்க் கணக்கில் அப்பாடு எங்ஙனம் தோன்றிற்று? இரண்டு கணக்கெடுப்புகட்கு இடைப்பட்ட ஆண்டுகளில் சிறுதொழிலின் வளர்ச்சியை நேரே அளக்க வழியில்லாமையால், பெருநிறுவனங்களின் எண்களைக் கொண்டே அதனைப் பெரிதும் ஊகித்தனர். இது தமையனின் உயரத்தை அளந்து தம்பியின் உயரத்தை எழுதுவதை ஒக்கும். இருவரும் ஒருங்கே வளருங்கால் பெரும்பிழை நேராது. தம்பி நோயுற்று மெலியுங்கால், தமையன் வளர்ந்த அளவு தம்பியும் வளர்ந்தான் என்றே ஏடு கூறும். பொருளியலறிஞர் பலர் அக்காலத்து எழுப்பிய தடை இதுவே. பின்னர் 2021-22ஆம் ஆண்டுக் கணக்கில் தொழிலகங்கள் 5 கோடியே 97 இலட்சமாகவும், உழைப்பாளர் 9 கோடியே 79 இலட்சமாகவும் குறைந்து காணப்பட்டனர். இடையில் பெருந்தொற்றும் வந்துவிட்டமையால், எந்த அடியால் எத்தனை கடை மூடிற்று எனப் பிரித்தறிதல் அரிதாயிற்று. 2023-24இல் எண்கள் மீண்டும் உயர்ந்து 7 கோடியே 34 இலட்சம் தொழிலகங்களும் 12 கோடியே 6 இலட்சம் உழைப்பாளரும் என்றாயின. இவ்வாய்வு ஆண்டுதோறும் நிகழத் தொடங்கியது நன்று.

கானா நாட்டைக் குறித்து இன்னும் ஒன்று. 2010ஆம் ஆண்டு நவம்பரில் அந்நாட்டுப் புள்ளியியலார் பழைய 1993ஆம் ஆண்டு அடிப்படையை விடுத்துப் புதிய கணக்கை வெளியிட்டபோது, நாட்டு உற்பத்தி ஏறத்தாழ 60 விழுக்காடு மிகுந்து காணப்பட்டது. அன்றிரவு எவர் வீட்டு அடுப்பிலும் கூடுதலாய் ஓருலை ஏறவில்லை. முன்னரே இருந்தது, அன்று எண்ணப்பட்டது, அவ்வளவே.

அரசின் ஏட்டைத் திருத்துதல் நம் கையில் இல்லை. நம் சங்கத்தின் விண்ணப்பத் தாள் நம் கையில் உளது. செயற்குழுவில் யாம் இதனை எடுத்துரைத்தபோது, தொழில் என்று எழுதாதார்க்குத் தொழில் கற்பித்து எழுதலாமோ, பொய்யுரைக்க வழிகாட்டலாமோ என மூத்தோர் ஒருவர் வினவினார். அவ்வினா நேரியதே. அதனால் இவ்வாண்டுத் தாளில் 'தாயின் தொழில்' என்னும் கட்டத்தை எடுத்துவிட்டு, 'சென்ற ஏழு நாட்களில் வீட்டிலிருந்தோ வெளியிலோ கூலிக்கும், விற்பனைக்கும், குடும்பத் தொழிலுக்கும் தாயார் செய்த வேலைகள் யாவை. நாளொன்றுக்கு எத்தனை மணி. கூலி எவர் கையில் தரப்படுகின்றது' என்று அச்சிட முடிவாயிற்று. பூக்கட்டல், பீடி சுற்றல், அப்பளமிடல், தீப்பெட்டி ஒட்டல், தையல், தறிக்கு நூல் சுற்றித் தருதல், கடையில் உடனிருத்தல், மாடு வளர்த்தல் என்பன நினைவூட்டற்பொருட்டுக் கீழே சிற்றெழுத்தில் தரப்பட்டுள்ளன. சென்ற ஆண்டு 'இல்லை' என்றெழுதப்பட்ட தாள்கள் அனைத்தும் மறுமுறை ஆராயப்பெறும்; அவர்கள் புதிதாய் விண்ணப்பிக்க வேண்டுவதில்லை. தாளை நிரப்புங்கால் அன்பர்கள் தாமே எழுதிவிடாது, அடுக்களையிலும் திண்ணையிலும் இருப்போரை அழைத்து வினவி, அவர் கூறியவாறே எழுதி, மாசித் திங்கள் 15ஆம் நாளுக்குள் சங்க நிலையத்திற் சேர்ப்பிக்க வேண்டுகின்றோம்.